கடைக்காரர் சொல்லும் ரேட்

துபாயில் இந்தக் கணக்கைப் போடுவது சுலபம். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் அமெரிக்க டாலரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். கால் நூற்றாண்டு தாண்டியும் அந்த எண் அசையவில்லை. நூறு டாலர் நோட்டு ஒன்று அங்கே 367 திர்ஹம் 25 ஃபில்ஸ் பெறும். இதில் வாதாட ஒன்றுமில்லை. அந்த நோட்டை மணி சேஞ்சரிடம் கொண்டுபோகாமல், பேரீச்சம்பழக் கடையிலோ துணிக்கடையிலோ நேராக நீட்டினால் பல கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கால்குலேட்டரில் டாலருக்கு மூன்றரை என்று தட்டுவார்கள். 350 திர்ஹம். மீதிப் பதினேழேகால் திர்ஹம் போன இடம் தெரியாது. கிட்டத்தட்ட நாலே முக்கால் விழுக்காடு நஷ்டம். அதுவும் விகிதம் நாளைக்கு ஏறுமோ இறங்குமோ என்ற கவலையே இல்லாத ஒரு நாட்டில். விகிதம் நாள்தோறும் ஆடும் நாடுகளில் கடைக்காரர் தன் பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்.

வெளிநாடு போகிறவர்களுக்கு நம் ஊரில் சலிக்காமல் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: கையில் டாலர் இருந்தால் போதும், எங்கே போனாலும் செல்லும். செல்லும் என்பது பெரும்பாலும் உண்மைதான். என்ன விலைக்குச் செல்லும் என்று யாரும் சொல்வதில்லை. பணம் கொடுக்கும் அந்தக் கணத்தில் மாற்று விகிதத்தை யார் சொல்கிறாரோ அவருக்கு ஒரு லாபம் இருக்கிறது. பொருளை விற்பவரே விகிதத்தையும் சொன்னால், வாங்குகிறவர் ஒரே இடத்தில் இரண்டு பேரங்களில் மாட்டிக்கொள்கிறார், அதில் ஒன்று நடப்பதே அவருக்குத் தெரிவதில்லை. உள்ளூர்ப் பணத்தில் விலை கேட்டு, உள்ளூர்ப் பணத்தில் கொடுப்பது இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. பொருளின் விலையைக் கடையில் பேசலாம். பணத்தின் விலையைப் பணம் விற்கும் தெருவில், நாலு கடை ஏறி இறங்கிப் பேசலாம்.

கடைக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் கைக்கு வந்த டாலரை வைத்து மளிகை வாங்க முடியாது, வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அவரும் அதை ஒரு நாள் மாற்றியாக வேண்டும். மாற்றும் வரை விகிதம் இறங்கும் ஆபத்து அவருடையது. நோட்டு கள்ளநோட்டாக இருந்தால் அந்த நஷ்டமும் அவருடையது. இத்தனைக்கும் ஒரு கூலி எடுத்துக்கொள்கிறார். பணம் மாற்றுவது அவருடைய தொழில் அல்ல என்பதால் அந்தக் கூலி தொழில்காரர் கூலியைவிட அதிகம். பக்கத்துக் கடைக்காரர் அவரோடு துணியில் போட்டி போடுவார். டாலர் ரேட்டில் போட்டி போடமாட்டார். போட்டி இல்லாத இடத்தில் விலை எப்படி இருக்கும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ரூபாய்க்கும் இதே கதிதான். துபாய் விமான நிலையத்தின் டியூட்டி ஃப்ரீ கடைகள் 2019 ஜூலையிலிருந்து இந்திய ரூபாயை வாங்கிக்கொள்கின்றன. நம் பத்திரிகைகள் அதைப் பெருமையான செய்தியாகப் போட்டன. பெருமை இருக்கட்டும், ரூபாயைக் கொடுத்தால் மீதிச் சில்லறை திர்ஹமில் வரும், ரூபாய்க்கு எத்தனை திர்ஹம் என்பதைக் கடைதான் சொல்லும். விமானம் ஏறும் அவசரத்தில் ஒரு சாக்லேட் டப்பாவுக்கு அது பரவாயில்லை. வசதிக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுத்தால் சரி.

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் எழுந்து நிற்கும் நாடு கம்போடியா. அங்கோர்வாட் பார்க்கப் போகிறவர்கள் சியாம் ரீப் நகரில் இறங்கியதும் பார்ப்பது டாலர் விலைப்பட்டியல்களைத்தான். கோயில் வளாகத்துக்கான ஒருநாள் சீட்டே 2017 முதல் 37 டாலர். ஓட்டலிலும் டுக்டுக் வண்டியிலும் டாலரிலேயே விலை சொல்வார்கள். டாலரே அங்கே தெருப்பணமாகிவிட்டபோது உள்ளூர்ப் பணம் எதற்கு என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். டாலர் அங்கே எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் விளங்கும். 1975-ல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் இயக்கம் பணம் என்பதையே ஒழித்தது. புனோம்பென்னில் இருந்த தேசிய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1980-ல் கம்போடியாவின் சொந்தப் பணமான ரியெல் திரும்பி வந்தபோது ஒரு தலைமுறைக்குக் காகிதப் பணத்தின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்து கிடந்தது. பிறகு 1992-93-ல் ஐக்கிய நாடுகள் அவையின் இடைக்கால நிர்வாகம் வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினர், காவலர்கள், அதிகாரிகள் டாலர் சம்பளத்தோடு வந்து இறங்கினார்கள். வீட்டு வாடகை, வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் டாலருக்கு மாறின. அவர்கள் போய்விட்டார்கள், டாலர் தங்கிவிட்டது.

அந்த டாலர் நாட்டிலும் கணக்கைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சில்லறைக் காசுகள் கம்போடியாவில் புழங்குவதில்லை. மூன்றரை டாலர் சாப்பாட்டுக்கு ஐந்து டாலர் நோட்டைக் கொடுத்தால் ஒரு டாலர் நோட்டு ஒன்றும் 2,000 ரியெலும் திரும்பி வரும். அரை டாலருக்கு 2,000 ரியெல் என்றால், டாலருக்கு 4,000 என்று கடை கணக்கிடுகிறது. சந்தையில் சில ஆண்டுகளாக டாலர் 4,000-க்குச் சற்று மேலே உலவுகிறது. இது அற்பமான வித்தியாசம்தான். இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை. பெரிய இழப்பு விகிதத்தில் இல்லை, முழு எண்ணாக்குவதில் இருக்கிறது. அமெரிக்கக் காசு புழங்காத ஊரில் டாலரில் சொல்லக்கூடிய மிகச் சின்ன முழு விலை ஒரு டாலர். உள்ளூர்க்காரர் 2,000 அல்லது 2,500 ரியெலுக்கு வாங்கும் தண்ணீர் பாட்டிலையும் வறுத்த வாழைப்பழத்தையும் வெளியூர்க்காரர் ஒரு டாலருக்கு வாங்குகிறார். ஒரு டாலர் என்று காதில் விழும்போது மலிவாகத்தான் இருக்கும். நாலு நாள் முழுக்க ஒன்றொன்றாக ஒரு டாலர் கொடுத்துக்கொண்டே போனால் ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு என்ற பேச்சே சிறியதாகிவிடும். சின்னச் சின்னச் செலவுகள் இரட்டிப்பாகின்றன. பையில் ரியெல் நோட்டு இருப்பவர் ரியெலில் விலை கேட்கலாம். அப்போது விலை சொல்கிறவரும் வேறொரு அளவுகோலில் சொல்லத் தொடங்குவார்.

டாலர் நோட்டுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அமெரிக்காவில் கசங்கின நோட்டும் ஓரம் கிழிந்த நோட்டும் தடையில்லாமல் ஓடும். கம்போடியாவில் நூலளவு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மியான்மரில் மடிப்பே விழாத நோட்டுத்தான் வேண்டும் என்பார்கள். அதே கடைக்காரர் கிழிந்த டாலரைச் சில்லறையாக நம் தலையில் கட்டவும் கூடும். வாங்கிப் பையில் போட்டபின் அது செல்லாது. 2020-ல் கம்போடிய தேசிய வங்கி ஒன்று, இரண்டு, ஐந்து டாலர் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து மெல்ல விலக்கும் வேலையைத் தொடங்கியது. சின்ன வணிகத்தையாவது ரியெலுக்குத் திருப்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே ஆண்டு அக்டோபரில் பாகோங் என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறையையும் கொண்டுவந்தது. தன் நாட்டில் தன் பணம் ஓடாவிட்டால் மத்திய வங்கிக்கு வட்டி விகிதம், பண அளவு என்று எதையும் பிடித்து நடத்த வழியில்லை. அது கம்போடியர்களின் பாடு, சுற்றுலாப் பயணிக்கு என்ன என்று கேட்கலாம். பயணி ஒருவரால் அது மாறிவிடப் போவதில்லை என்பதும் சரிதான். ஆனால் ஒரு நாடு முயன்று திருத்திக்கொண்டிருக்கும் பழக்கத்துக்குப் போகிற இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் நம் காசைச் செலவழித்து.

பக்கத்திலேயே இருக்கும் வியட்நாம் எதிர்த் திசையில் போயிற்று. அங்கே விலையை அயல்நாட்டுப் பணத்தில் எழுதிவைப்பதையும் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. சுற்றுலாத் தலங்களில் டாலர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். 2018-ல் கான் தோ நகரில் ஒருவர் நூறு டாலர் நோட்டை ஒரு நகைக்கடையில் மாற்றியதற்காக ஒன்பது கோடி டாங் அபராதம் விதிக்கப்பட்டது. மாற்றியது நூறு டாலர், அபராதம் ஏறத்தாழ 3,800 டாலர். நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தபின் அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள், பிறகு சிறு தொகைகளுக்கான தண்டனையையும் குறைத்தார்கள். அனுமதி பெறாத நகைக்கடையில் நல்ல ரேட் கிடைக்கிறது என்று பயணக் குழுக்களில் சுற்றிவரும் யோசனையைக் கேட்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வியட்நாமில் உள்ளூர்ப் பணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான ஆட்சேபம் பூஜ்ஜியங்கள். டாலருக்கு இருபத்தாறாயிரம் டாங் அளவில் இருக்கும்போது ஒரு காப்பியே ஐம்பதாயிரம் என்று வரும். புதிதாகப் போகிறவருக்குத் தலை சுற்றும். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீல நிறம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். இருட்டின டாக்சிக்குள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்துவிட்டால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். தெரிந்த டாலரை எண்ணிக் கொடுப்பது பாதுகாப்பு என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் டாலரைக் கொடுத்தாலும் சில்லறை டாங்கில்தான் வரும். அப்போது தெரியாத நோட்டை எண்ண வேண்டும் என்பதோடு, சொல்லப்பட்ட விகிதத்தில் மனக்கணக்கும் போட வேண்டும். குழப்பம் குறையவில்லை, ஒரு படி கூடிவிட்டது. அந்த ஐந்து லட்சம் நோட்டை மட்டும் பர்சின் வேறு அறையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடைசி மூன்று பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு மூன்றால் பெருக்கினால் ரூபாய் வந்துவிடும். ஐம்பதாயிரம் டாங் காப்பி ஏறத்தாழ நூற்றைம்பது ரூபாய், நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூட. இரண்டு நாளில் இது பழகிவிடும்.

நோட்டே வேண்டாம், கார்டு இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பொறி வேறு உருவத்தில் காத்திருக்கிறது. வெளிநாட்டுக் கடையில் இந்திய வங்கியின் அட்டையை இயந்திரத்தில் வைத்ததும் திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று உள்ளூர்ப் பணத்தில், இன்னொன்று ரூபாயில். எது வேண்டும் என்று கேட்கும். நம் பணத்தைப் பார்த்ததும் கை தானாக அதை நோக்கிப் போகும். சில கடைகளில் காசாளரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவார். இங்கே ரூபாய்த் தொகையைக் கணக்கிட்டது நம் வங்கியும் இல்லை, விசாவும் மாஸ்டர்கார்டும் இல்லை. கடைக்காரருக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனம். விகிதத்தின் மேல் அது தன் லாபத்தை ஏற்றிவைக்கிறது, அதில் கடைக்கும் ஒரு பங்கு போவதுண்டு. டாலருக்கு மூன்றரை என்று தட்டிய கால்குலேட்டர் இப்போது கண்ணாடித் திரைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சிங்கப்பூரில் நூறு டாலர் பில், அன்றைய சந்தை விகிதம் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 70 ரூபாய், இயந்திரம் ஐந்து விழுக்காடு ஏற்றி 7,350 ரூபாய் என்று காட்டுகிறது. சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தால் 7,000 ரூபாய். அதன் மேல் நம் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை விழுக்காடு, 245. அந்தக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 44. ஆக 7,289. மிச்சம் அறுபத்தோரு ரூபாய்தானா என்று ஏமாற்றமாக இருக்கலாம். இங்கேதான் பலர் தவறவிடும் சங்கதி இருக்கிறது. வெளிநாட்டில் ரூபாயில் கழிக்கப்பட்ட தொகைக்கும் பல இந்திய வங்கிகள் ஒரு விழுக்காடு தனிக் கட்டணம் போடுகின்றன, அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. அப்படிப் பார்த்தால் 7,350 என்பது 7,437 ஆகிவிடும். ரூபாயில் கொடுத்துவிட்டோம், இனிமேல் கட்டணம் ஏது என்று நிம்மதியாக இருந்தவருக்கு மாதக் கடைசியில்தான் தெரியவரும். செலாவணிக் கட்டணம் இல்லாத அட்டை வைத்திருப்பவருக்கு வித்தியாசம் முழுசாக 350 ரூபாய். ஐரோப்பிய ஒன்றியம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர 2019-ல் விதி இயற்றியது: ஏற்றிவைக்கும் லாபத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆசியாவில் அப்படி எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காமல் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். மாற்றித் தரவா, மாற்றாமல் தரவா என்று கேட்டால் மாற்ற வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும்.

முன்கூட்டியே பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்காரர்கள் சிரிப்பதற்கும் இடமில்லை. கார்டில் டாலரை ஏற்றிக்கொண்டு தாய்லாந்துக்குப் போய் அந்நாட்டு பாட் பணத்தில் செலவழித்தால், டாலரிலிருந்து பாட்டுக்கு மாற்றக் குறுக்குக் கட்டணம் ஒன்று பிடிக்கும். ரூபாயிலிருந்து டாலருக்கு மாறும்போது ஒருமுறை, டாலரிலிருந்து பாட்டுக்கு மாறும்போது இன்னொரு முறை என்று இரண்டு சுங்கச்சாவடி. கார்டில் பாட்டையே ஏற்ற வசதி இருந்தால் அதை ஏற்றுவதுதான் முறை.

இனி அர்ஜென்டினா. டாலர் நோட்டை ஆதரிப்பவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கம் வலுவாகவும் இருக்கிறது. 2023 அக்டோபரில் அரசு சொன்ன விகிதம் டாலருக்குச் சுமார் 350 பெசோ. தெருவில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பியூனஸ் அயர்ஸின் ஃப்ளோரிடா தெருவில் ‘காம்பியோ, காம்பியோ’ என்று கூவிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வங்கியில் மாற்றுகிறவருக்குக் கிடைப்பது தெருவில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சூழலில் டாலர் நோட்டைக் கொண்டுபோகாமல் போனது நஷ்டம்தான், மறுக்க முடியாது. ஆனால் லாபம் எந்த இடத்தில் கிடைத்தது என்று பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் டாலரை நீட்டியதில் இல்லை. டாலரைத் தெருவில் பெசோவாக மாற்றி, பெசோவில் பில் கட்டியதில். டாலரை நேராக வாங்கிய கடைகளும் இருந்தன, அவை தங்களுக்குச் சாதகமான ரேட்டைத்தான் சொல்லின. தெருவில் ஆளுக்கு ஆள் போட்டியிருந்தது. அங்கேகூடச் சின்னத் தலை போட்ட பழைய நூறு டாலர் நோட்டுக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். சட்டத்துக்குப் புறம்பான சந்தையில் கள்ளநோட்டு கைக்கு வந்தால் முறையிட இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் லாபத்தைக் கணக்கிட வேண்டும். அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 இறுதியில் வெளிநாட்டு அட்டைகளுக்குத் தெரு ரேட்டை ஒட்டிய தனி விகிதத்தை அனுமதித்தது. 2023 டிசம்பரில் பெசோவின் மதிப்பை ஒரே நாளில் பாதிக்கு மேல் இறக்கியது. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான டாலர் கட்டுப்பாடுகளை நீக்கியபின் அந்தப் பெரிய இடைவெளி மறைந்தது. 2023-ல் கேட்ட யோசனையோடு இன்று அங்கே போய் இறங்குகிறவர் கட்டுக்கட்டாக நோட்டைச் சுமந்த பயத்தைத்தான் லாபமாகக் கொண்டுவருவார்.

இலங்கை 2022-ல் இதைவிட நூதனமான நிலையில் இருந்தது. அந்நியச் செலாவணி வற்றிப்போன அந்த ஆண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் பயணிகளிடம் தங்கும் கட்டணத்தை அயல்நாட்டுப் பணத்திலேயே வாங்க வேண்டும் என்று விடுதிகளுக்கு அரசு உத்தரவிட்டது. மார்ச்சில் இலங்கை ரூபாயைச் சந்தைப் போக்குக்கு விட்டதும் டாலருக்கு 200 என்றிருந்தது இரண்டு மாதத்தில் 360-ஐத் தொட்டது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர்கள் வங்கியைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்ன நாள்கள் அவை. கூடக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே போன ஒவ்வொரு டாலரும் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் போக வேண்டிய கணக்கில் சேரவில்லை. நம் சொந்தபந்தங்கள் இருக்கும் ஊர் என்பதால் இதை வெறும் லாபக் கணக்காக விட்டுவிட மனம் வரவில்லை. சட்டமே அயல்நாட்டுப் பணம் கேட்கும் இடத்தில் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். டாலரில் விலை போட்ட விடுதிக் கட்டணத்தை அட்டையில் கட்டிவிட்டு, டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் இலங்கை ரூபாயை வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். 2024 பிப்ரவரி முதல் அங்கே யுபிஐ-யும் பல கடைகளில் வேலை செய்கிறது. பின் எண்ணை அழுத்துமுன் இந்திய ரூபாயில் எவ்வளவு என்று காட்டும். அந்தத் தொகையை அன்றைய விகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

டாலர் வேண்டவே வேண்டாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. டாலர் கொடுப்பதற்கு மோசமான பணம். கொண்டுபோவதற்கு நல்ல பணம். சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூர் டாலர், ரிங்கிட், திர்ஹம், பாட் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும், அவற்றை நேராகவே வாங்கிவிடலாம். ரியெலும் டாங்கும் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் விலை அநியாயமாக இருக்கும். சியாம் ரீப்பில் நம் ரூபாயை யாரும் மதிப்பதில்லை. ஆகவே ரூபாயை டாலராக்கி, அங்கே போய் டாலரை உள்ளூர்ப் பணமாக்குவதைத் தவிர வழியில்லை. எடுத்துப்போவது நூறு டாலர் நோட்டாக இருக்கட்டும். பாங்காக் போன்ற இடங்களில் ஒன்று, ஐந்து, இருபது டாலர் நோட்டுகளுக்குக் குறைந்த ரேட்டைத் தனி வரிசையில் எழுதியே வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் நோட்டாக 3,000 டாலர் வரைதான் வாங்கலாம். மிச்சத்தைக் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். இந்திய ரூபாயாக 25,000 வரை கையில் கொண்டுபோகவும் அனுமதி உண்டு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அது நேரடியாக மாறும். அந்த ஊர்களில் நாணய மாற்றுத் தொழிலைத் தலைமுறைகளாக நடத்திவந்தவர்களில் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்குண்டு. ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள ஆர்கேட் கட்டடத்திலும் சிராங்கூன் சாலைப் பக்கத்திலும் வரிசையாக இருக்கும் கடைகளில் தமிழிலேயே ரேட் கேட்கலாம். பக்கத்துக் கடையில் என்ன தருகிறார்கள் என்று சொன்னால் அரை புள்ளி ஏற்றியும் கொடுப்பார்கள்.

மணி சேஞ்சர் கடைகளின் ரேட் பலகைகளில் இரண்டு எண்கள் இருக்கும், வாங்கும் விலையும் விற்கும் விலையும். கமிஷன் கிடையாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்; கமிஷன் அங்கேதான் குடியிருக்கிறது. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இதை ஒரே கட்டடத்துக்குள் பார்க்கலாம். வருகைக் கூடத்தில் வங்கிகளின் சாவடிகள் பளபளவென்று நிற்கின்றன. அடித்தளத்துக்கு இறங்கினால், நகரத்துக்குப் போகும் ரயிலின் நிலையத்தை ஒட்டித் தனியார் மணி சேஞ்சர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். மேலே ஒரு ரேட், கீழே அதைவிட நல்ல ரேட். இடையில் இருப்பது சில நகரும் படிகள். அத்தனையும் தாண்டி ஏ.டி.எம்.மில் எடுக்கலாம் என்றால் தாய்லாந்து வங்கிகள் அயல்நாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் பிடிக்கின்றன. ஆயிரம் பாட் எடுத்தாலும் அதுதான், இருபதாயிரம் எடுத்தாலும் அதுதான். எடுப்பதாக இருந்தால் ஒரே முறையில் எடுத்துவிடுவது மேல்.

இவ்வளவு பாடு எதற்கு, ஐந்து விழுக்காட்டுக்காக விடுமுறையில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு நாள் மாறுவிமானத்துக்காகத் தங்குகிறவருக்கு இந்தக் கேள்வி முற்றிலும் சரி. ஒரு தேநீருக்கும் ஒரு டாக்சிக்கும் உள்ளூர்ப் பணம் மாற்றினால் மிச்சம் நோட்டுகள்தான் நினைவுப்பொருளாகும். நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் சுற்றி இரண்டு லட்சம் ரூபாய் செலவழிக்கிறது என்றால் ஐந்து விழுக்காடு பத்தாயிரம் ரூபாய். அதை மிச்சப்படுத்த ஆகும் நேரம், முதல் நாள் காலையில் ஒரு மணி சேஞ்சர் கடைக்குப் போய்வரும் நேரம். நேபாளத்தையும் பூட்டானையும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாய்க்கு 1.6 என்று நிலையாக இருக்கிறது, பூட்டானின் நுல்ட்ரம் ஒன்றுக்கு ஒன்று. வீதியில் கீரைக்காரருக்கும் அந்த விகிதம் தெரியும், யாரும் தனி ரேட் சொல்ல முடியாது. அங்கே கேட்க வேண்டியது எந்த மதிப்புள்ள நோட்டு செல்லும் என்பதுதான். 2018 இறுதியில் நேபாளம் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. இந்த விதிகள் மாறுகிறவை, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஈரான் வேறு வகை. பொருளாதாரத் தடைகளால் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. பயணத்துக்கு வேண்டிய முழுத் தொகையையும் நோட்டாகக் கொண்டுபோய், அங்கே ரியாலாக மாற்றியாக வேண்டும்.

உள்ளூர்ப் பணத்தின் உண்மையான தொல்லை கடைசி நாளில் வருகிறது. நோட்டைத் திரும்ப விற்றால் விற்கும் விலைக்கு வாங்கியதை வாங்கும் விலைக்குக் கொடுக்கிறோம், மறுபடி ஒரு இடைவெளி. நாணயங்களை எந்த மணி சேஞ்சரும் தொடமாட்டார். ரியெலையும் டாங்கையும் சென்னைக்குக் கொண்டுவந்தால் வாங்க ஆளில்லை. இதைச் சமாளிக்க ஒரு வழி, ஓட்டல் பில்லைக் கடைசி வரை கட்டாமல் வைத்திருப்பது. கிளம்பும் காலையில், விமான நிலையம் போக டாக்சிக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சமுள்ள நோட்டையும் காசையும் வரவேற்பு மேசையில் எண்ணிக் கொடுத்து, பாக்கியைக் கார்டில் போடச் சொன்னால் பல ஓட்டல்களில் ஒப்புக்கொள்வார்கள். இயந்திரம் ரூபாயா, உள்ளூர்ப் பணமா என்று அப்போதும் கேட்கும். மாற்றாத டாலர் நோட்டுகள் மீந்தால் அவசரம் இல்லை. ஊர் திரும்பி 180 நாளுக்குள் விற்றால் போதும், 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது.